பாடிப் போகிறவனுக்கு என்ன விலை?

பொங்கல் வந்துவிட்டால் நெல்லிக்குப்பத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் சடுகுடுப் பந்தயத்துக்குக் குறைவிராது. பந்தயத்துக்குப் பின் சர்ச்சைக்கும் குறைவிராது. ஒரே வருஷம் நன்றாகப் பாடிய வாலிபனைக் கோஷ்டியின் தூணாக்கி, அதற்கேற்ற சம்பளமும் கொடுக்கலாமா என்பது அவற்றுள் ஒன்று.

இதற்குத் தக்க உதாரணம் தமிழ் தலைவாஸ் கோஷ்டியில் உண்டு. 2022-ஆம் வருஷத்துப் புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத் என்ற பிரபல வீரரை அக்கோஷ்டியார் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். மனிதரை ஏலம் போடுவதென்றால் நம் காதுக்கு நாராசமாகத்தான் இருக்கிறது. ஏலம் போகிறவரே புன்னகையுடன் நிற்கும்போது நாம் அழுவானேன்? அவ்வருஷம் வீரர் அனைவருக்குமாக ஒரு கோஷ்டி செலவிடக்கூடிய தொகையே 4.4 கோடியாகத்தான் இருந்தது. அதில் பாதிக்கு மேல் ஒருவருக்கே போயிற்று. முதல் பந்தயத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. அப்பருவத்தில் மீண்டும் அவர் களமிறங்கவில்லை.

அப்போது பாரத்தைத் தாங்கியவர் நரேந்தர் என்ற புதுமுக இளைஞர். முதல் வருஷத்திலேயே பாடி எடுத்த புள்ளிகள் 243. கோஷ்டியும் முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது. ஆனால் அவர் இளம் வீரர் என்ற வகுப்பில் ஒப்பந்தமானவர். அவருக்கு ஏல விலை கிடையாது, வரையறுத்த சம்பளம்தான்.

“கோடிக்காரர் செய்யவேண்டிய வேலையைச் செய்தவருக்குக் கோடி கொடுப்பதே நியாயம்” என்பார் ஒரு சாரார். “முதல் வருஷம் எதிரிகளுக்கு அவன் போக்குத் தெரியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் புள்ளிகளை எண்ணுகிறார்களே தவிர, அவற்றின் தன்மையைப் பார்ப்பதில்லை.

சடுகுடுவில் எதிரியைத் தொட்டுத் திரும்பினால் புள்ளி மட்டுமா கிடைக்கிறது? ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருக்கும் தோழன் ஒருவன் உயிர் பெற்று உள்ளே வருகிறான். போனஸ் புள்ளிக்கு அந்தச் சக்தி இல்லை. ஆகவே, மூன்று பேராய் மெலிந்து நிற்கும் கோஷ்டியை மறுபடி ஏழு பேராக்குகிறவன் எவனோ அவனே தூண். வெற்றி நிச்சயமான பிறகு புள்ளி சேர்ப்பவன் கணக்கில்தான் பெரியவன்.

நம் பக்கத்துக் கரும்பு விவசாயியைக் கேளுங்கள். முதல் வெட்டு அமோகமாக வந்தது என்பதற்காக, மறுதாம்பும் அப்படியே வரும் என்று நம்பி வீடு கட்டக் கடன் வாங்க மாட்டார். ஆனால் மறுதாம்பைப் பார்த்த பிறகு முதல் வெட்டுக்குப் பணம் கொடுக்கிறோம் என்று ஆலைக்காரர் சொன்னால் சும்மா இருப்பாரா?

நமது அபிப்பிராயமும் அதுவே. தூண் என்ற பட்டத்துக்கு இரண்டு மூன்று பருவங்கள் பொறுக்கலாம். செய்த வேலைக்குக் கூலி பொறுக்கக் கூடாது. முதல் ஒப்பந்தத்தில் சம்பளம் குறைவாயிருந்தாலும், பருவ முடிவில் ஆட்டத்துக்குத் தக்கபடி உயரும் நிபந்தனை இருக்கட்டும். முழங்கால் போனால் வைத்தியச் செலவும் அவ்வருஷச் சம்பளமும் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கட்டும். கோடிக்காரரின் முழங்காலும் கிராமத்து வாலிபனின் முழங்காலும் ஒரே எலும்பினால் ஆனவை. ஆனால் முன்னவருக்குச் சேமிப்பு உண்டு, பின்னவனுக்கு அந்த முழங்கால்தான் சேமிப்பு. பிள்ளையைக் களத்துக்கு அனுப்பும் பெற்றோர், ஏலத் தொகையைக் கேட்டு மயங்குமுன் இந்த நிபந்தனைகளைக் கேட்பது நலம்.