வெங்காயம் கேட்பது குளிரை அல்ல

சின்ன வெங்காயத்தின் விலை சரியும்போதெல்லாம் பெரம்பலூரில் ஒரு கோரிக்கை தலைதூக்கும்: குளிர்பதனக் கிடங்கு வேண்டும். ஆதங்கம் நியாயமானது; கேட்கும் பொருள்தான் தவறு. வெங்காயத்தைப் பூஜ்ஜியத்தை ஒட்டி 2 டிகிரிக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் 25 முதல் 30 டிகிரியில், 65–70 சதவீத ஈரப்பதத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வைத்தால் முளைத்துவிடும். கடுங்குளிரிலிருந்து எடுத்து வெளியே கொட்டினாலும் வியர்த்துப்போய் முளைக்கும், அழுகும்.

செட்டிகுளம் விவசாயிக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகத் தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த பட்டறையில்தான் விதை வெங்காயத்தை மாதக்கணக்கில் காக்கிறார். பட்டறை வெயிலுக்குத் தாங்கும். ஐப்பசி அடைமழைக்குத்தான் தோற்கும். காற்றே ஈரமாகிவிட்ட பிறகு காற்றோட்டத்தால் என்ன பயன்? தாள் காயாமல் உள்ளே போன வெங்காயம் கழுத்திலிருந்து அழுகத் தொடங்கும்.

இந்த இடத்தில் உதவக்கூடியது ஹீட் பம்ப். ஏசியின் உடன்பிறப்புதான். ஏசி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. வெளியே நிற்பவர் அந்த அனலை அறிவார். உலர்த்தும் ஹீட் பம்பில் குளிர்ந்த சுருளும் சூடான சுருளும் ஒரே காற்றுப்பாதையில் அடுத்தடுத்து இருக்கும். காற்றிலுள்ள ஈரம் முதல் சுருளில் பட்டுத் தண்ணீராகச் சொட்டும். வறண்ட காற்று இரண்டாவதைக் கடந்து, 35 டிகிரி போன்ற மிதமான சூட்டில் வெங்காயத்துக்குத் திரும்பும். சாதாரண ஹீட்டர் 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பம் தரும். இது வெப்பத்தை இடம் மாற்றுவதால் 3 யூனிட் அளவுக்குத் தர முடியும்.

விலைதான் தடை. சில வார மழைக்காக ஒரு விவசாயி இதை வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆனால் இதே மாவட்டத்தின் பெரும்பயிர் மக்காச்சோளம். சாலையோரங்களில் கொட்டிக் காயவைப்பதைப் பார்க்காதவர் யார்? ஈரம் கூடினால் வியாபாரி விலையைக் குறைப்பார். பூஞ்சை பிடித்தால் கோழித் தீவனத்துக்கும் ஆகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று இரண்டு பயிர்களுக்கும் பொதுவாக ஓட்டினால் கணக்கு மாறலாம். வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு பருவம் ஓட்டி, கிலோவுக்கு என்ன செலவு என்று பார்த்துச் சொன்னாலே பாதிச் சந்தேகம் தீரும்.

பக்கத்து அரியலூரின் சிமென்ட் ஆலைகளிலோ வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. சுண்ணாம்புக்கல் கிளிங்கராக மாறச் சூளைக்குள் சுமார் 1,450 டிகிரி வேண்டும். முன்சூடாக்கும் கோபுரத்திலிருந்து வெளியேறும் வாயு 300 டிகிரியைத் தாண்டும். அதில் ஒரு பங்கு மூலப்பொருளை உலர்த்தப் போகிறது. மிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் சிமென்ட் ஆலையின் கழிவு வெப்பம் குழாய்வழியே வீடுகளைச் சூடாக்குகிறது. அரியலூர் வெயிலில் வீட்டைச் சூடாக்க யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வெப்பமாற்றி ஒன்றை நடுவில் வைத்துத் தூசியில்லாத சூடான காற்றை எடுத்தால், மக்காச்சோளத்துக்கு ஹீட் பம்பே தேவைப்படாது.

ஒரு நிபந்தனை: உலர்களம் ஆலை மதிலை ஒட்டியே இருக்க வேண்டும். சூடான காற்றைப் பெரம்பலூர்வரை குழாயில் அனுப்ப முடியாது. மக்காச்சோள மூட்டையை லாரியில் அரியலூருக்குக் கொண்டுவரலாம்.