ஓதம் ஏறிய வீட்டை விற்க என்ன செய்யலாம்?

கேள்வி: ‘‘அப்பா கட்டிய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சாந்துச் சுவர். 2023 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. இப்போது சுவர் முழுக்க உப்புப் பூத்து உதிர்கிறது. அப்பா காலமாகிவிட்டார். கொடிக்கால் கடனை அடைக்க வீட்டை விற்க நினைக்கிறோம். டைல்ஸ், பெயின்ட் என்று 2 லட்சம் செலவழித்தால்தான் விலை போகும் என்கிறார் தரகர். கையில் இருப்பது 30,000 ரூபாய்தான். என்ன செய்வது?’’
- வாசகர், ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டம்.

பதில்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வெள்ளம் சில நாள்களில் வடிந்தது. ஆனால், சுவர் குடித்த தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வடியாது. அதோடு கடற்கரை உப்பும் சேர்ந்துகொண்டால் பூச்சு பொரிந்து உதிரும்.

டைல்ஸுக்காகப் புதுக்கடன் வாங்க வேண்டாம். வாங்குபவர் தன் விருப்பத்துக்குத் தரையை மாற்றிக்கொள்வார். போட்ட பணம் விலையில் திரும்பி வரும் என்று நம்ப முடியாது. 30,000 ரூபாயை கீழே உள்ள வரிசைப்படி செலவிட்டால் போதும்.

முதலில் பத்திரம்

உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவரின் சுயசம்பாத்திய வீட்டில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. திருமணமாகிப் போன மகளும் இதில் அடக்கம். ஆகவே, தரகரைப் பார்ப்பதற்கு முன் உடன்பிறந்த சகோதரிகளைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். கடைசி நேரத்தில் ஒரு கையெழுத்து குறைந்தால், வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

இ-சேவை மையம் மூலம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்து, பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ரசீது ஆகியவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். பத்திரம் வெள்ளத்தில் நனைந்திருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். லேமினேஷன் செய்யக் கூடாது. எழுத்து அழிந்திருந்தால் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

இடம் அரசு ஒப்படை செய்ததாக இருந்தால், பட்டாவில் உள்ள நிபந்தனையைப் படித்துப் பார்த்த பிறகே விற்பனை பற்றிப் பேச வேண்டும்.

அடுத்து கூரை, சுவர்

கூரையைச் சரிசெய்யாமல் சுவரில் கை வைத்தால் செலவு வீண். உடைந்த ஓடுகளை மாற்றி, கரையான் அரித்த சட்டங்களைத் தட்டிப் பார்த்து, மோசமானவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

சுவரில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். உதிரும் பூச்சை மட்டும் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் கலவையால் பூச வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். ஒன்றிரண்டு மழைக்குள் பூச்சு பெயர்ந்துவிடும். கலவைக்கு உவர்நீரும் கடல் மணலும் ஆகாது. பிறகு பெயின்ட்டுக்குப் பதில் இரண்டு, மூன்று முறை வெள்ளை அடித்தால் செலவும் குறையும், சுவரும் மூச்சு விடும்.

இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். எனவே, சுவர் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் வேலையை முடித்து, சித்திரை, வைகாசியில் ஆள்களுக்குக் காட்டலாம். ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் முடிக்கப் பலர் யோசிப்பார்கள்.

வெள்ளத் தடத்தை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, தண்ணீரே வரவில்லை என்று சொல்லக் கூடாது. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்.

கிணறும் கொல்லையும்

கடலோர ஊரில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது, ‘தண்ணீர் எப்படி?’ என்பதுதான். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் சிறு கட்டணத்தில் முடிவு கிடைக்கும். நல்ல நீர் என்றால் அந்தத் தாளே டைல்ஸைவிட அதிகம் பேசும். தொழுவத்தையும் கொல்லையையும் சுத்தம் செய்ய வீட்டு ஆள்களே போதும். காய்க்கும் தென்னையையும் முருங்கையையும் வெட்ட வேண்டாம்.

விலை பேசும்போது...

பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, அதே தெருவில் சமீபத்தில் விற்ற இரண்டு, மூன்று வீடுகளின் விலையையும் விசாரிக்க வேண்டும். சில்லாநத்தத்தில் கார் தொழிற்சாலை, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் என்ற பேச்சை வைத்து ஆத்தூர் வீட்டுக்கு விலை சொன்னால் ஆள் வராது. அவசரத்தில் அடிமாட்டு விலைக்கும் கொடுக்க வேண்டாம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 10 லட்சம் மதிப்புக்கு இது 90,000 ரூபாய். இதை வழக்கமாக வாங்குபவரே செலுத்துவார் என்பதால், அவர் அதையும் கணக்கிட்டுத்தான் விலை கேட்பார்.

முன்பணம் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது. வங்கி வழியாகவே வாங்க வேண்டும். தரகருக்குப் ‘பவர்’ எழுதிக் கொடுக்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. கடன் கொடுத்த சங்கத்திலோ வங்கியிலோ தவணையை நீட்டிக்க வழியுண்டா என்று முதலில் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்கலாம். அப்படியும் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், அம்மா இனி எங்கே இருப்பார் என்பதைப் பிள்ளைகள் கூடி முடிவு செய்த பிறகு முன்பணத்துக்குக் கை நீட்டுவதே நல்லது.