எல்லை மூடினாலும் உலை கொதிக்க வேண்டும்

எல்லையில் துப்பாக்கி வெடித்தால் முதலில் காலியாவது மளிகைக் கடை அலமாரிதான். 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மோதல் மூண்டபோது வட மாநிலங்களில் இதைக் கண்டோம். மக்கள் கடைகளில் குவிந்தனர். அத்தியாவசியப் பொருள்களைப் பதுக்கக் கூடாது என்று சண்டீகர் நிர்வாகம் தடை உத்தரவு பிறப்பித்தது. நாட்டில் போதிய உணவு தானியம் இருக்கிறது, வதந்திகளை நம்ப வேண்டாம் என்று மத்திய உணவுத் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார்.

அமைச்சர் சொன்னதில் பொய்யில்லை. ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதியன்று மத்தியத் தொகுப்பில் குறைந்தபட்சம் 411.2 லட்சம் டன் அரிசியும் கோதுமையும் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான ஆண்டுகளில் இருப்பு அதையும் தாண்டியே நிற்கிறது. ஆனால், இந்திய உணவுக் கழகக் கிடங்கில் மூட்டை இருப்பதும், சாலை அடைபட்ட நாளில் ஒரு வீட்டின் பானையில் அரிசி இருப்பதும் ஒன்றாகிவிடாது. இரண்டுக்கும் இடையே லாரி ஓட வேண்டும், பாலம் நிற்க வேண்டும், சோதனைச்சாவடி திறந்திருக்க வேண்டும், வாங்குபவர் கையில் காசும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் நாட்டின் உபரி வீட்டின் பட்டினியாக மாறிவிடும்.

பீதியில் வாங்கிக் குவிப்பதை நாம் ஆதரிக்கவில்லை. 2016 நவம்பரில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று கிளம்பிய வதந்தியால் தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஒரே இரவில் உப்பின் விலை பல மடங்கு எகிறியது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்குப் பஞ்சம் என்பதை நம்பவும் ஆள் இருந்தது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தபோது, அமெரிக்காவில் வாழும் தமிழர்களும் தெலுங்கர்களும் இந்தியக் கடைகளில் வரிசை கட்டி நின்று அரிசி மூட்டைகளை அள்ளிச் சென்றனர். இத்தகைய நேரங்களில் முண்டியடித்து வாங்குபவர் தனக்குப் பின்னால் நிற்பவரின் பங்கையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறார்.

இதிலிருந்து, வீட்டில் எதையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை என்ற முடிவுக்கு வருவது பேதைமை. தட்டுப்பாட்டு நாளில் கடைக்கு ஓடாமலிருக்க வேண்டுமானால், தட்டுப்பாடு இல்லாத நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்க வேண்டும். இதன் அருமையைத் தலைநகரைவிட, தமிழக, கர்நாடக எல்லையில் உள்ள பாலாறு நன்கு அறியும்.

இது வேலூர் மாவட்டத்தில் ஓடும் பாலாறு அன்று. மாதேஸ்வரன் மலைப் பகுதியிலிருந்து வந்து, மேட்டூர் அணைக்கு மேலே காவிரியில் கலக்கும் சிற்றாறு. அதன் கரையிலுள்ள எல்லைப்புற ஊருக்கும் அதே பெயர்தான். பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கும் மைசூருக்கும் செல்லும் சாலை இங்குதான் எல்லையைக் கடக்கிறது. ஆட்சி கர்நாடகத்தினுடையது, ஆனால், பாலாறு, கோபிநத்தம் வட்டாரத்தில் பலருக்கும் பேச்சுமொழி தமிழ், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பக்கத்து நகரம் மேட்டூர். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் நீர்த்தேக்கம், நடுவே ஒரே சாலை.

அந்தச் சாலை அடைபடுவது அரிய நிகழ்ச்சியும் அன்று. 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிக் கலவரம் வெடித்தபோதும், 2016 செப்டம்பரில் பெங்களூரில் பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும் இரு மாநிலங்களுக்கும் இடையே போக்குவரத்து முடங்கியது. 2020இல் கரோனா பொது முடக்கம் நாட்டின் மாநில எல்லைகளையெல்லாம் மூடியது. 2023 பிப்ரவரியில் தமிழக மீனவர் ஒருவரின் உடல் பாலாற்றில் மீட்கப்பட்டதைத் தொடர்ந்து பதற்றம் ஏற்பட்டு, இந்தப் பாதையில் பேருந்துகள் நின்றன. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு, விளைவு ஒன்றே. தண்ணீருக்காகத் தலைநகரங்களில் எழும் முழக்கத்துக்கு விலை கொடுப்பது, எந்த முழக்கமும் எழுப்பாத எல்லைப்புறக் குடும்பத்தின் அடுப்பு.

அவர்கள் முன்கூட்டியே சேர்த்து வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். சேர்த்து வைப்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட காலமும் இந்த மண்ணில் இருந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டை நடந்த ஆண்டுகளில், வழக்கத்தைவிடக் கூடுதலாக அரிசி பருப்பு வாங்கிய மலைக் கிராமத்தார், காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உணவு கொடுப்பவர்களோ என்ற சந்தேகத்துக்கு ஆளாயினர். அதிரடிப் படையின் அத்துமீறல்கள் பற்றி நீதிபதி சதாசிவா தலைமையிலான குழு விசாரித்ததும், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு ரூ. 2.80 கோடி வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையம் 2007இல் ஆணையிட்டதும் பதிவான செய்திகள். பத்துப் படி அரிசி வீட்டில் இருந்தால் அரசுக்கு ஐயம். இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குப் பசி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே வாழ்ந்து தீர்த்தது.

சேமிப்பு நமக்குப் புதிய பாடமும் இல்லை. தமிழகத்துச் சிற்றூர்களில் குதிரும் பத்தாயமும் குலுக்கையும் இல்லாத உழவர் வீடு ஒரு காலத்தில் கிடையாது. பழைய மைசூர்ச் சீமையில் கேழ்வரகை நிலத்தடிக் குழிகளில் கொட்டி மூடிப் பல ஆண்டுகள் வைத்திருந்தனர். எளிதில் பூச்சி அண்டாத அந்தத் தானியம், மழை பொய்க்கும் ஆண்டுக்கான காப்பீடாக விளங்கியது.

ஆனால், வீட்டுச் சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. தாது ஆண்டுப் பஞ்சம் என்று தமிழகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பஞ்சத்தில், மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது குழிகளும் குதிர்களும் வற்றின. 1871இல் 50 லட்சத்துக்கு மேலிருந்த மைசூர் சமஸ்தானத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 42 லட்சமாகக் குறைந்திருந்தது. நம் காலத்தில் இலங்கையைப் பார்த்தோம். 2021இல் ரசாயன உரத்துக்கு விதித்த தடையும் அன்னியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து அந்நாட்டை வீழ்த்த, 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 விழுக்காட்டைக் கடந்தது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். சிலர் கைக்குழந்தைகளுடன் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்தனர். தமிழக அரசு அரிசியும் பால்மாவும் அனுப்பியது. மாதக்கணக்கில் நீளும் பஞ்சத்தை எந்த வீட்டு அலமாரியும் தாங்காது. அது அரசின் கடமை. அரசின் லாரி வந்து சேரும் வரையிலான பத்துப் பதினைந்து நாள்களைத் தாங்குவதே வீட்டுச் சேமிப்பின் வேலை.

அந்தப் பத்து நாள்கள் அற்பமானவை அல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரவருணிக் கரை ஊர்கள் பல தீவுகளாயின. ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் வீச வேண்டியிருந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. தரையில் வைத்த மூட்டைகளை வெள்ளம் கொண்டுபோக, பரணில் ஏற்றியவையே பல வீடுகளில் மிஞ்சின.

வெளிநாடுகள் இதைக் கொள்கையாகவே கொண்டுள்ளன. நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பான், குறைந்தது மூன்று நாள்களுக்கும் இயன்றால் ஒரு வாரத்துக்கும் உணவும் நீரும் வீட்டில் வைத்திருக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்துகிறது. ஸ்வீடன் 2018இலும் 2024இலும் வீடுதோறும் கையேடு அனுப்பியது. 72 மணி நேரத்துக்கான இருப்பை வைத்திருக்குமாறு ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் கேட்டுக்கொண்டது. நம் நாட்டிலோ, நெருக்கடி வரும்போது "பதுக்காதீர்கள்" என்ற குரல் மட்டும் ஓங்கி ஒலிக்கிறது. சாதாரண நாளில் "கொஞ்சம் சேர்த்து வையுங்கள்" என்று சொல்வாரில்லை.

பதுக்கல் எது, சேமிப்பு எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் அரசு விதிக்கும் இருப்பு வரம்புகள், விலையேற்றி விற்கக் காத்திருக்கும் வியாபாரிகளையும் ஆலைகளையும் குறிவைத்தவை. அந்த வரம்புகளைத் தளர்த்த 2020இல் கொண்டுவந்த திருத்தம், வேளாண் சட்டங்களோடு சேர்த்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. கிடங்கில் ஆயிரம் மூட்டை வெங்காயத்தை முடக்குபவரையும், பானையில் இருபது கிலோ அரிசி வைத்திருக்கும் இல்லத்தரசியையும் ஒரே சொல்லால் சுட்டுவது அநீதி.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் பதினைந்து நாள் இருப்பு என்பது பெரிய கணக்கல்ல. ஏறத்தாழ இருபது கிலோ அரிசி அல்லது அரிசியும் கேழ்வரகுமாக அதே எடை, மூன்று கிலோ பருப்பு, இரண்டு லிட்டர் எண்ணெய், உப்பு, புளி, மிளகாய், வெல்லம், குழந்தை இருந்தால் பால் பவுடர், முதியவர் இருந்தால் மாத்திரை, மூடி வைத்த குடிநீர், தீப்பெட்டி, மாற்று எரிபொருள். ஒரே நாளில் இதை வாங்கினால் அது பீதி. மாதந்தோறும் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கிச் சேர்த்தால் சிக்கனம். பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். பருப்பை வெயிலில் காயவைத்து, வேப்பிலையோ வசம்போ போட்டு மூடி, தரைக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். நம் பாட்டிகளுக்கு இதை யாரும் கையேடு அச்சிட்டுச் சொல்லித்தரவில்லை.

ஆனால், இந்த அறிவுரை யாருக்குப் பயன்படும்? மாதச் சம்பளக்காரர் பின்பற்றலாம். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பம் எங்கிருந்து இருபது கிலோவை முன்கூட்டியே வாங்கும்? நெருக்கடி நாளில் கடை அலமாரியைக் காலி செய்பவர் காசுள்ளவர். அந்தக் காலி அலமாரியின் முன் வந்து நிற்பவர் ஏழை. எனவே, வீட்டில் உணவு சேமிப்பதைத் தனிமனித முன்யோசனை என்று மட்டும் விட்டுவிட முடியாது. ஏழையின் வீட்டிலும் இருப்பு இருக்கச் செய்வது உணவுப் பாதுகாப்பின் ஓர் அங்கமாக வேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2025இல் பருவமழையைக் கருதி, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மூன்று மாத ரேஷன் தானியத்தையும் முன்கூட்டியே வழங்குமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வெள்ளத்துக்குச் செய்ததை, அடிக்கடி துண்டிக்கப்படும் மலை, எல்லை ஊர்களுக்கு நிரந்தர ஏற்பாடாகச் செய்வதில் என்ன தடை? 1990களில் மத்திய அரசு தொடங்கிய கிராமத் தானிய வங்கித் திட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு குவிண்டால் என்ற கணக்கில் ஊரிலேயே தானியம் இருப்பு வைக்க வழி இருந்தது. எடுத்தவர் அறுவடைக்குப் பின் திருப்பித் தருவது அதன் நெறி. பாலாறு போன்ற ஊர்களுக்கு அந்த யோசனையைத் தூசி தட்டி எடுக்கலாம்.

இருப்பில் அரிசி மட்டும் போதாது. கர்நாடகத்தின் தென் மாவட்டங்களில் ரேஷனில் ராகி வழங்கப்படுகிறது. கூடுதல் அரிசிக்குப் பதிலாகப் பருப்பும் எண்ணெயும் அடங்கிய உணவுத் தொகுப்பை வழங்க அம்மாநில அமைச்சரவை 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. தமிழகம் 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. நீண்ட நாள் கெடாத இப்பொருள்களை எல்லை ஊர்களுக்கு இரு அரசுகளும் முதலில் கொண்டு சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை என்ற ஏற்பாட்டில் இரு மாநிலங்களும் சேர்ந்துள்ளன. கர்நாடகத்தின் தகுதியுள்ள அட்டைதாரர் தமிழகக் கடையில் தானியம் பெறலாம். சோதனைச்சாவடி மூடினால் அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். 2020 பொது முடக்கத்தின்போது சரக்கு வாகனங்களை எல்லையில் நிறுத்தக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் முடிந்தது, பந்த் நாளில் முடியாதா? எந்தக் கிளர்ச்சியிலும் உணவு, மருந்து வாகனங்களுக்கு வழிவிடுவது என்று சென்னையும் பெங்களூரும் எழுத்துபூர்வமாக உடன்பட வேண்டும். தில்லி அதற்கு நடுநின்று உதவ வேண்டும்.

காவிரி வழக்கில் யார் வென்றார், யார் தோற்றார் என்ற கணக்கு நீதிமன்றங்களில் நடக்கட்டும். அந்தக் கணக்கு முடியும் வரை பாலாற்றங்கரையில் ஒரு தாய், நாளைக்கு பஸ் வருமா என்று பார்த்துப் பிள்ளைக்குச் சோற்றை அளந்து போடும் நிலை இருக்கக் கூடாது. நிறைந்த கிடங்குகளைக் காட்டி உணவுப் பாதுகாப்பைப் பேசும் அரசுகள், கடைக்கோடி வீட்டின் பானையையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.