எந்தப் பாட்டியின் கைப்பக்குவம்?

தை பிறந்தால் போதும், பத்திரிகைகளெல்லாம் ‘பாட்டி கைப்பக்குவம்’ போட்டுவிடும். எந்தப் பாட்டி? நாற்று நட்டு, கதிர் அறுத்த நம்ம ஆயா அதில் இல்லை.

திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குக் குண்டையூரில் கிடைத்த நெல்மலையைப் பூதங்கள் சுமந்ததாம், பெரியபுராணம் சொல்கிறது. ஊர்க் களத்து நெல்லைச் சுமந்ததென்னவோ நம்ம சனந்தான். மிஞ்சியது சிந்திய கதிரும், எலிவளை தோண்டி எடுத்த நெல்லும். அதைப் புழுக்கி, உரலில் குத்தி, நொய்யைக் கஞ்சிக்கு ஒதுக்குவாள் ஆயா. வயல்நண்டை இடித்துச் சாறெடுத்து, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். நத்தையை வேகவைத்து முள்ளால் குத்தியெடுப்பாள். மாட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் கூலி இல்லாத நாளுக்கு அதுதான் துணை.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக்கியது. கல்வராயன்மலைச் சாமைக்கும் கம்பங்கூழுக்கும் இப்போது மவுசு. கூழ் ஓட்டலேறிவிட்டது, உப்புக்கண்டத்தை எவன் ஏற்றுவான்? மராட்டியில் சாகு பட்டோலே, மகர், மாங் மக்களின் சமையலை 2015இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். நாம் இன்னும் சோற்றுப்பானையை ஒளித்து வைக்கிறோம்.

விடுதியில் படிக்கும் தம்பி தங்கைகளே, பொங்கலுக்கு ஊர் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். எவ்வளவு உப்பு, எத்தனை நாள் வெயில் என்று ஆயாவிடம் கேட்டு எழுதுங்கள். யார் கண்ணுக்குப் பயந்து கொடியை வீட்டுக்குப் பின்னால் கட்டினாள் என்பதையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம்.