இரு கடலுக்கு நடுவே

திண்டிவனத்தில் நமக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று இருக்கிறது. அக்காள் எம்.எஸ்ஸி. முடித்தவள், தம்பி கல்லூரியில் கடைசி வருஷம் வாசிக்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்தில் நம்மிடம் படித்தவர்கள். வருகிற தை மாதத்தில் மரக்காணத்தில் வங்கக் கடலைத் தொட்டுவிட்டுச் சைக்கிள் ஏறுவது, விழுப்புரம், சேலம், கோயமுத்தூர், பாலக்காடு வழியாகப் பொன்னானி போய் அரபிக் கடலைத் தொடுவது என்று இவர்கள் சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறார்கள். தூரம் சுமார் 550 கிலோமீட்டர்.

வீட்டில் எழுந்த அமளியை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். "விழுப்புரத்திலிருந்து ஐந்து திக்கிலும் ரயில் போகிறதே! காலை ஒடித்துக்கொண்டு போவானேன்?" என்றாள் பாட்டி. தகப்பனார் நம்மைத் தேடி வந்து, "ஸார், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்" என்றார். நாம் அப்படிச் சொல்லவில்லை. போட்டிருக்கும் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டும்படி சொன்னோம்.

தாளில் அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். ஐந்து நாள், நாளொன்றுக்கு 110 கிலோமீட்டர். வகுத்தல் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் எங்கே உறங்குவது, எங்கே இளைப்பாறுவது, உடம்புக்கு வந்தால் எங்கிருந்து திரும்புவது என்று ஒரு வரி கூட இல்லை. நெடும் பிரயாணத்தின் திட்டம் என்பது பெரும்பாலும் நிற்குமிடங்களின் ஜாபிதாதான். மிதிப்பதற்குக் கால் இருக்கிறது. நிற்பதற்கல்லவோ யோசனை வேண்டும்?

1923-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி பம்பாயிலிருந்து பார்ஸி வாலிபர் ஆறு பேர் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபஸோலா, ரஸ்டம் பும்காரா ஆகிய மூவர் மட்டுமே சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றி, 1928 மார்ச் 18-ந் தேதி ஊர் திரும்பினார்கள். மற்ற மூவர் இடையில் பிரிந்துவிட்டார்கள். அதனால் அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் விலகுவதற்கு இடமில்லாத திட்டம் மனிதருக்கேற்ற திட்டமல்ல.

ஆகவே அன்று மாலை உட்கார்ந்து கணக்கை மாற்றி எழுதினோம். ஐந்து நாள் எட்டு நாளாயிற்று. சராசரி எழுபது கிலோமீட்டர். முதல் இரவு விழுப்புரம், இரண்டாவது கள்ளக்குறிச்சி, மூன்றாவது ஆத்தூர். நான்காம் நாள் பாதிப் பொழுதிலேயே சேலம் சேர்ந்து ஓய்வு. பிறகு காவிரிக் கரையில் பவானி, அப்புறம் அவிநாசி, பாலக்காடு. எட்டாம் நாள் கடல். சின்னசேலம், ஆத்தூர், சேலம், ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் எல்லாம் ரயில் நிற்கும் ஊர்கள். சைக்கிளைச் சாமானாகப் பதிந்து ஏற்றிவிட்டு வீடு திரும்பலாம். பாட்டியின் ரயில் இப்படியாகத் திட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

தை மாதம் அவர்கள் அறியாமலே தேர்ந்த நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகை நம் பக்கத்துக்கு ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடாகிச் சாலையும் ரயிலும் தடைப்பட்டதை யார் மறப்பார்கள்? தையில் அந்தப் பயம் குறைவு. காற்றும் அனுகூலம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாயில், அப்போது கிழக்கிலிருந்து மேற்கே காற்றுப் பலமாக வீசும். சுமார் 400 மீட்டர் உயரத்திலிருக்கும் கோயமுத்தூர் வரையில் சிறுகச் சிறுக ஏற்றம். அதன் பின் இறக்கமும் முதுகில் காற்றும். ஆனி, ஆடியில் போனால் அதே காற்று முகத்தில் அறையும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது சைக்கிள்காரனுக்கும் பொருந்துகிறது!

மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகில் சுமப்பது கூடாது; தோள் நோகும், வேர்வையும் தாங்காது. சைக்கிள் சட்டத்தோடு சேர்த்துக் கட்டும் சிறு பைகள் இப்போது கிடைக்கின்றன. கனமானவற்றைத் தாழ்வாகக் கட்ட வேண்டும். இரண்டு மாற்றுடை, உதிரி டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, விளக்கு, தண்ணீர், உப்பும் சர்க்கரையும். இவற்றுக்கு மேல் எது வந்தாலும் ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்க. தம்பிக்கு மேல்நிலை வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் போதாதோ என்று சந்தேகம். மெதுவாகப் போகிறவனுக்கு அது போதும். அதற்கு உதிரி பாகம் ஆத்தூரிலும் அகப்படும்.

உண்மையான சங்கடம் கடைசியில்தான் வெளிப்பட்டது. "பையன் போகட்டும், ஸார். பெண் எதற்கு?" என்றார் தகப்பனார். அக்காள் அமைதியாகச் சொன்னாள்: "தம்பிக்குப் பயமாயிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே, அப்பா!"

தகப்பனாரின் கவலையை அற்பமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்று, வெளியிலும் சந்தைக்கும் தாமே போய்வந்ததைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. அப்போதும் ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் இறங்கிவிடவில்லை. நாற்கரச் சாலையில் பறக்கும் லாரி ஆண், பெண் பார்த்து மோதுவதில்லை. எனவே நிபந்தனைகள் இருவருக்கும் ஒன்றே: விடியலில் கிளம்பி உச்சி வெயிலில் ஒதுங்குவது, பொழுது சாய்ந்த பின் மிதிப்பதில்லை, இயன்ற இடமெல்லாம் பக்கச் சாலையிலும் ஊர்ச் சாலையிலும் போவது, தலைக்கவசம் கழற்றாதது, சேர்ந்த ஊரிலிருந்து தினமும் வீட்டுக்குப் பேசுவது. இருவரில் ஒருவர் "போதும்" என்றால் மற்றவர் வாதாடக் கூடாது.

தகப்பனார் முழுச் சம்மதம் தரவில்லை. ஒரு பரீட்சைக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். முழு மூட்டையுடன் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக விழுப்புரம். இரவு தங்கி, மறுநாள் திண்டிவனம். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டை. விழுப்புரம் போகும் சாலையருகே மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில். முதுகு நோகிறதா, பை அவிழ்கிறதா, யார் முதலில் கோபித்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். தைக்குப் போவதா இல்லையா என்பதை அதன் பிறகு நால்வரும் உட்கார்ந்து தீர்மானிப்பதாக ஏற்பாடு.

நேயர்களின் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு தாளை நீட்டக்கூடும். கிழித்துவிட வேண்டாம். வாங்கிப் படித்து, நிற்குமிடங்களை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால், பென்சிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.