எந்தத் தேசம் முன்னே?

காந்தியடிகளைப் பற்றிய படத்திற்குச் சுருள்கள் தேடி அ. க. செட்டியார் பல தேசங்களில் அலைந்தார்; 1940இல் படம் வெளிவந்தது. சுருள் இருந்த ஊரே அவருக்கு வழி வகுத்தது. நமது திருவண்ணாமலையிலிருந்து முதன்முறையாக ஐரோப்பா செல்ல எண்ணும் குடும்பத்தாரோ, பாரிஸ், லண்டன், ரோமாபுரி என்று ஆசை தோன்றிய வரிசையிலேயே எழுதிவிடுகிறார்கள். பூகோள ஆசிரியனான எனக்கு அதில் மகிழ்ச்சியே, ஆபத்தும் அங்கேதான். ஷெங்கன் விசா ஒன்றைக் கொண்டே 29 தேசங்களில் சஞ்சரிக்கலாம். பிரிட்டன் அவற்றில் சேராது, அதற்குத் தனி விசா வேண்டும். ஒரே முறை நுழைவதற்கு அளித்த ஷெங்கன் விசாவுடன் பாரிஸை விட்டு லண்டன் சென்றவர், அதைக் காட்டி ரோமாபுரிக்குள் புக இயலாது. பல வருஷச் சேமிப்பு என்னாவது? ஆதலால் லண்டனை முதலிலேனும் கடைசியிலேனும் வையுங்கள். அதிக நாள் தங்கும் தேசத்தின் தூதரகத்திற்கே மனுச் செய்ய வேண்டுமாகையால், டிக்கெட் வாங்குமுன் இரவுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.