கப்பல் டிக்கெட்டும் என் எக்செல் ஷீட்டும்

போன வீடியோவில் "டூர் போக பர்சனல் லோன் எடுக்காதீங்க"ன்னு சொன்னேன். அதில் மாற்றமே இல்லை. ஆனா அதோட மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. அதில் தப்பு பண்ணினது நான்தான்.

எங்க தாத்தா 1950-களில் கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதினவர். திருச்சி ஜங்ஷனில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடிச்சு, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிப் போவாராம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சதோட அந்தப் பழைய வழி போச்சு. உறையூரில் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர் எங்க அப்பா.

2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துல இருக்கிற காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டாங்க. கடலில் சுமார் 110 கிலோமீட்டர்தான். உறையூரிலிருந்து நாகப்பட்டினம் போறதே அதைவிட அதிக தூரம்! வழக்கமான கட்டணம் வரியோட 7,670 ரூபாய். அப்பா கேட்டார்: "ஒரு தடவை போயிட்டு வந்துடலாமாடா?"

நான் என்ன செஞ்சேன்? எக்செல் திறந்தேன். "அடுத்த வருஷம் கட்டணம் குறையும்ப்பா, வெயிட் பண்ணலாம்"னு சொன்னேன். வடகிழக்குப் பருவமழையால சில நாளிலேயே கப்பலை நிறுத்திட்டாங்க. 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பிச்சப்போ கட்டணம் நிஜமாவே குறைஞ்சிருந்தது. என் கணிப்பு சரி. ஆனா அதுக்குள்ள அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். பத்து படி ஏறவே ஆள் பிடிக்கணும். நான் மிச்சம் பிடிச்சது சில ஆயிரம் ரூபாய். அதுக்குக் கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் வரலை.

அதனால என் கருத்து இதுதான்: பயணம் வீண் செலவு இல்லை. கடன்ல போறதும் தப்பு, "அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிக்கிட்டே போறதும் தப்பு. ரெண்டுக்கும் ஒரே மருந்து, முன்கூட்டியே சேமிக்கிறது.

கணக்கு பாருங்க. 1.5 லட்சம் லோன், 16% வட்டி, 24 மாசம். இ.எம்.ஐ சுமார் 7,345 ரூபாய். வட்டி மட்டுமே 26,000 ரூபாய்க்கு மேல. அதுக்குப் பதிலா மாசம் 3,300 ரூபாய் ஆர்.டி போடுங்க. 6.5% வட்டின்னு வெச்சாலும் ஒரு வருஷத்துல ஏறக்குறைய 41,000 கையில் இருக்கும். ரெண்டு பேர் ஒரு சின்னப் பயணம் போக அதை வெச்சுத் திட்டம் போடலாம்.

போறதா இருந்தா சில விஷயங்கள்:

பாஸ்போர்ட் இப்பவே எடுங்க. சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், 10 வருஷம் செல்லும். வருஷத்துக்கு 150 ரூபாய்தான்.

கம்பெனி தர்ற எல்.டி.ஏ-வை நம்பாதீங்க. அந்த வரிவிலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும். அதுவும் பழைய வரி முறையில் இருந்தாத்தான்.

காலையில போய் சாயந்திரம் திரும்புற பயணமா நினைக்காதீங்க. போகவே நாலு மணி நேரம் ஆகும், ஒரு ராத்திரியாவது தங்கணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்கும், கப்பல் ரத்தாகலாம். ரத்து செய்ய முடியாத ஹோட்டல் ரூமை புக் பண்ணிடாதீங்க. கூடுதலா ஒரு நாள் லீவும் கையில் இருக்கட்டும்.

கிரெடிட் கார்டை அங்கே தேய்ச்சா அந்நியச் செலாவணிக் கட்டணம், அதுக்கு மேல ஜி.எஸ்.டி. கிளம்புறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல விகிதத்தைக் கேட்டுக்கோங்க.

அப்பா இப்போ வெக்காளியம்மன் கோயில் வரை கம்பு இல்லாம நடக்கிறார். எங்க ஆர்.டி அடுத்த மாசம் முதிர்வு. டாக்டர் சரின்னுட்டா, கடல் அமைதியா இருக்கிற மாசமாப் பார்த்துக் கிளம்பிடுவோம். அந்த எக்செல் ஷீட்டுல இப்போ புதுசா ஒரு காலம் சேர்த்திருக்கேன்: அப்பா, அம்மா வயசு. நீங்களும் சேர்த்துக்கோங்க.